இசை எழுத்துப் புதிர்கள்

இசை எழுத்துப் புதிர் என்பது ஒரு பெயரையோ சொல்லையோ அதன் எழுத்துகளுக்குரிய சுரங்களாக மாற்றி, ஓர் இசைப்படைப்புக்குள் பொதிந்துவைக்கும் முறை. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் ஐந்து நூற்றாண்டுகளாக இது வழக்கில் உள்ளது. இசைஞர்களும் அவர்களின் நண்பர்களும் ஒருவருக்கொருவர் புதிர் போட்டு விடை கண்டுபிடிக்கும் விளையாட்டாகவே பெரும்பாலும் இது வளர்ந்தது. பின்னாளில், வெளியே சொல்ல முடியாத காதலையும் துயரத்தையும் பதிந்துவைக்கும் வழியாகவும் ஆனது.

எழுத்தும் சுரமும்

மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு அகரவரிசையின் முதல் ஏழு எழுத்துகளே பெயர்கள்: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி. எனவே இந்த எழுத்துகளால் அமைந்த எந்தச் சொல்லையும் வாசித்துக் காட்டலாம். ஏழு எழுத்துகளைக் கொண்டு அமைக்கக்கூடிய பெயர்கள் மிகக் குறைவு. இந்தக் குறையை ஜெர்மானியரின் பெயரிடும் முறை ஓரளவு தீர்த்தது.

இடைக்கால ஏடுகளில் 'பி' என்னும் எழுத்து இரண்டு வடிவங்களில் எழுதப்பட்டது. வட்ட வடிவம் தாழ்ந்த சுரத்தையும் சதுர வடிவம் உயர்ந்த சுரத்தையும் குறித்தன. சதுர வடிவம் பார்வைக்கு 'எச்' போல இருந்தது. ஜெர்மனியில் அது எச் என்றே நிலைத்தது. அதனால் அங்கு 'பி' என்றால் பி ஃபிளாட். 'எச்' என்றால் பிறர் பி என்று அழைக்கும் சுரம். இ ஃபிளாட்டை ஜெர்மானியர் 'எஸ்' என்பர். அது எஸ் என்ற எழுத்தின் ஒலியாகவும் இருப்பதால் அந்த எழுத்தும் கிடைத்தது. ஏ ஃபிளாட்டின் பெயர் 'அஸ்'. இது ஏ, எஸ் ஆகிய இரண்டு எழுத்துகளுக்கு உதவியது. புகழ்பெற்ற புதிர்களில் பல ஜெர்மன் மொழி வழங்கும் பகுதிகளில் தோன்றியதற்கு இது ஒரு காரணம்.

கர்நாடக இசையில், பாடலின் அசையும் அந்த இடத்துச் சுரத்தின் பெயரும் ஒன்றாக அமைவதைச் சுவராட்சரம் என்பர். அங்கே அந்தப் பொருத்தம் பாடும்போதே காதில் விழும். ஐரோப்பிய முறையில் சுரம் மட்டுமே கேட்கும், எழுத்து கேட்காது. அதனால்தான் அது புதிராகிறது.

தொடக்கம்

இம்முறையின் பழைய எடுத்துக்காட்டுகளுள் புகழ்பெற்றது ஜோஸ்கின் தே ப்ரே இயற்றிய திருப்பலி இசை. இத்தாலியின் ஃபெராரா நகரை ஆண்ட முதலாம் எர்கோலே கோமகனுக்காக அது இயற்றப்பட்டது. 'ஹெர்குலிஸ், ஃபெராராவின் கோமகன்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் உயிரெழுத்துகளை மட்டும் ஜோஸ்கின் எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் உயிருக்கும் அதே உயிர் வரும் சுரப்பெயரைப் பொருத்தினார். கிடைத்தது 'ரே, உட், ரே, உட், ரே, ஃபா, மி, ரே' என்ற வரிசை. படைப்பு முழுவதும் இந்த வரிசையைச் சுற்றியே அமைந்தது. சொற்களிலிருந்து செதுக்கி எடுத்த கரு என்று இம்முறைக்குப் பெயர் சூட்டியவர் இசைக் கோட்பாட்டாளர் ஜர்லீனோ. அவருடைய நூல் 1558-ல் வெளிவந்தது.

பாக் குடும்பத்தின் பெயர்

ஜோஹான் செபாஸ்டியன் பாக்கின் குடும்பப் பெயரில் உள்ள நான்கு எழுத்துகளும் ஜெர்மானிய முறையில் சுரங்களே: பி ஃபிளாட், ஏ, சி, பி. இதை வால்ட்டர் தம் இசை அகராதியில் 1732-லேயே குறிப்பிட்டுள்ளார். 'ஃபியூக் கலை' என்னும் தொகுப்பின் முடிவுறாத கடைசி ஃபியூக்கில் இந்த நான்கு சுரங்களையும் பாக் மூன்றாவது கருவாக எடுத்தாண்டார். சிறிது தூரத்தில் இசை அறுந்து நின்றுவிடுகிறது. தம் பெயரைக் கொண்டுவந்த இடத்தில் ஆசிரியர் இறந்தார் என்று அவருடைய மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக் கையெழுத்துப்படியில் எழுதிவைத்தார். பாக் இறந்தது 1750-ல். கையெழுத்துப்படி அதற்குச் சற்று முன்பே எழுதப்பட்டது என்பதால் பிற்கால ஆய்வாளர்கள் இக்கூற்றை ஐயத்துடனே பார்க்கின்றனர். ஆயினும் அந்த நான்கு சுரங்கள் பாக்குக்குச் செலுத்தும் வணக்கமாக நிலைபெற்றன. ஷூமன், லிஸ்ட், ரேகர் ஆகியோர் அவற்றைக் கொண்டு தனிப் படைப்புகளை இயற்றினர்.

ஷூமனும் நண்பர்களும்

ராபர்ட் ஷூமனின் முதல் அச்சு வெளியீடே எழுத்துப் புதிர்தான். 'அபெக்' என்ற குடும்பப் பெயரின் ஐந்து எழுத்துகளும் சுரங்களாகும் வகையில் அமைந்த அந்தப் பியானோ படைப்பு 1831-ல் வெளிவந்தது. அடுத்து வந்தது 'கார்னவால்'. அப்போது அவர் மணமுடிக்க எண்ணியிருந்த எர்னஸ்டீனின் ஊர் ஆஷ். இன்று அது செக் நாட்டில் உள்ளது. அந்த ஊர்ப்பெயரின் நான்கு எழுத்துகளும் ஷூமனின் பெயரிலும் உள்ளன. இசைக்கு உரிய எழுத்துகளாகத் தம் பெயரில் இருப்பவையும் அவையே என்பதை அவர் கண்டுகொண்டார். தாளின் நடுவே 'ஸ்பிங்ஸ்கள்' என்ற தலைப்பில் அந்தச் சுரவரிசைகளைப் புதிரின் திறவுகோலாக அச்சிட்டார். அப்பகுதி பொதுவாக வாசிக்கப்படுவதில்லை. எர்னஸ்டீனுடனான உறவு முறிந்தது. 1840-ல் ஷூமன் கிளாராவை மணந்தார். ஆஷ் நகரின் பெயர் மட்டும் இசையில் தங்கிவிட்டது.

நண்பர்கள் கூடி விளையாடிய புதிர்களில் புகழ்பெற்றது 1853 அக்டோபரில் டுசல்டார்ஃபில் நடந்தது. வயலின் கலைஞர் யோவாக்கிம் அங்கு வரவிருந்தார். 'சுதந்திரமானவன், ஆனால் தனியன்' என்பது அவர் தமக்கென வைத்திருந்த வாசகம். அதன் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள் எஃப், ஏ, இ. இவற்றை முன்வைத்து ஷூமன், அவருடைய மாணவர் டீட்ரிஷ், இருபது வயது பிராம்ஸ் மூவரும் சேர்ந்து ஒரு வயலின் சொனாட்டா இயற்றினர். முதல் பகுதி டீட்ரிஷுடையது, மூன்றாம் பகுதி பிராம்ஸுடையது, இரண்டும் நான்கும் ஷூமனுடையவை. யார் எதை எழுதினார் என்பதை மறைத்து, அக்டோபர் 28 அன்று யோவாக்கிமிடம் தந்தனர். கிளாரா பியானோவில் அமர, யோவாக்கிம் வாசித்துப் பார்த்து ஒவ்வொரு பகுதியின் ஆசிரியரையும் சரியாகச் சொன்னார். எழுத்துகள் மூவருக்கும் பொதுவாகத் தரப்பட்டவை. ஆளைக் காட்டிக்கொடுத்தது அவரவர் நடை.

நான்கு மாதங்களுக்குப் பின், 1854 பிப்ரவரியில், ஷூமன் ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்டு மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட அவர் 1856-ல் இறந்தார். சொனாட்டாவின் கையெழுத்துப்படி யோவாக்கிமிடமே இருந்தது. பிராம்ஸின் பகுதி 1906-லும் முழுப் படைப்பு 1935-லும் அச்சேறின.

பிராம்ஸும் பின்னாளில் இம்முறையைக் கையாண்டார். அகாதே என்ற பெண்ணுடனான திருமண உறுதியிலிருந்து அவர் விலகிச் சென்றார். சில ஆண்டுகளுக்குப் பிறகு இயற்றிய இரண்டாம் செக்ஸ்டெட்டில் அவளுடைய பெயரெழுத்துகளைச் சுரமாக வைத்தார். அப்பெயரில் உள்ள 'டி' ஒலி எழுத்துக்குச் சுரம் இல்லாததால் அதற்கு ஈடாக வேறொரு 'டி' சுரம் நின்றது.

எல்கரின் புதிர்கள்

இங்கிலாந்தின் எட்வர்ட் எல்கர் சொற்புதிர்களிலும் மறையெழுத்திலும் ஆர்வம் மிக்கவர். கெட்ஜ் என்ற குடும்பப் பெயரைச் சுரமாக்கி அவர் 1885-ல் ஒரு சிறு படைப்பை எழுதினார். 1899-ல் அரங்கேறிய 'எனிக்மா வேரியேஷன்ஸ்' படைப்பில் பதினான்கு பகுதிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நண்பர்களின் முதலெழுத்துகளோ புனைபெயர்களோ தலைப்பு. எழுத்துகளின் புதிர் எளிதில் விடுபட்டது. ஆனால் படைப்பு முழுவதும் வாசிக்கப்படாத வேறொரு கரு ஓடுகிறது என்று எல்கர் சொன்னது மட்டும் இன்றும் விடுபடவில்லை. அந்த விடையை வெளியிடாமலேயே அவர் 1934-ல் இறந்தார்.

அப்படைப்பில் 'டோராபெல்லா' என்று பெயர் பெற்ற டோரா பென்னிக்கு 1897-ல் எல்கர் ஒரு மறையெழுத்துக் குறிப்பு அனுப்பினார். வளைகோடுகளால் ஆன 87 குறிகள் மூன்று வரிகளில் எழுதப்பட்டிருந்தன. டோராவால் அதைப் படிக்க இயலவில்லை. 1937-ல் வெளியிட்ட நினைவு நூலில் அவர் அதை அச்சிட்டார். அதன்பின் பலர் விடைகளை முன்வைத்தும் எதுவும் பொதுவாக ஏற்கப்படவில்லை.

காதலும் அச்சமும்

ஆல்பன் பெர்க் 1926-ல் முடித்த 'லிரிக் சூட்' அரை நூற்றாண்டு காலம் தூய இசையாகவே கேட்கப்பட்டது. அமெரிக்க இசையறிஞர் ஜார்ஜ் பெர்ல் 1977-ல் பெர்க் தம் கைப்பட வண்ண மைகளில் குறிப்பெழுதிய அச்சுப் பிரதியைக் கண்டறிந்தார். ஏ, பி, எச், எஃப் ஆகிய நான்கு சுரங்களும் ஆல்பன் பெர்க், ஹன்னா ஃபுக்ஸ் ஆகிய இரு பெயர்களின் முதலெழுத்துகள் என்பது அதன்மூலம் தெரியவந்தது. ஹன்னா பிராகா நகரைச் சேர்ந்த மணமான பெண். பிரதி அவருடைய மகளிடம் இருந்தது.

டிமித்ரி ஷோஸ்டகோவிச் தம் பெயரின் ஜெர்மன் எழுத்து வடிவிலிருந்து டி, எஸ், சி, எச் ஆகியவற்றை எடுத்தார். 1948-ல் சோவியத் அரசு அவரைக் கண்டித்தது. 1953-ல், ஸ்டாலின் இறந்த ஆண்டில், பத்தாம் சிம்ஃபனியில் இந்த நான்கு சுரங்கள் ஓங்கி ஒலித்தன. அதே சிம்ஃபனியில் மாணவி எல்மிரா நசிரோவாவின் பெயர் கொம்பிசையாக மீண்டும் மீண்டும் வருகிறது. 1960 ஜூலையில் மூன்றே நாட்களில் எழுதிய எட்டாம் நால்வர் இசை ஷோஸ்டகோவிச்சின் பெயர்ச் சுரங்களுடன் தொடங்குகிறது. பாசிசத்துக்கும் போருக்கும் பலியானோருக்கு என்பது அதன் பொதுவெளிச் சமர்ப்பணம். தாம் இறந்தால் தம் நினைவாக யாரும் இசை எழுதப்போவதில்லை என்பதால் தாமே எழுதியதாக அவர் நண்பர் கிளிக்மனுக்குக் கடிதம் எழுதினார்.

விடை காணும் முறை

சுரங்கள் சிலவே என்பதால் சிறிய பெயர்கள் தற்செயலாகவும் இசையில் அமைந்துவிடும். எனவே மூன்று கேள்விகள் முக்கியமானவை. ஆசிரியர் எந்தப் பெயரிடும் முறையைப் பின்பற்றினார்? சுரவரிசை முதன்மையான இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறதா? கடிதம், கையெழுத்துப்படி போன்ற புறச்சான்று உண்டா?

முதல் கேள்வியின் சிக்கலை 1909-ல் ஹைடனின் நூற்றாண்டு நினைவுக்காகப் பாரிஸ் இதழ் ஒன்று வகுத்த புதிர் காட்டுகிறது. ஹைடனின் பெயரில் உள்ள 'ஒய்', 'என்' எழுத்துகளுக்குச் சுரம் இல்லை. அகரவரிசையை ஏழு ஏழாக அடுக்கி, ஒய்க்கு டி, என்னுக்கு ஜி என்று பொருத்தினர். தெபுசி, ராவெல் முதலிய அறுவர் இசையமைத்தனர். இந்தப் பொருத்தத்தை நம்பாத சான்-சான்ஸ் விலகி நின்றார்.

மூன்றாம் கேள்விக்கு விடை இல்லாதபோது முடிவுகள் ஆட்டம் காண்கின்றன. ஷூமன் தம் படைப்புகள் பலவற்றில் கிளாராவின் பெயரை மறைத்துவைத்தார் என்று எரிக் சாம்ஸ் 1960-களில் வாதிட்டார். அதற்கு ஷூமனின் எழுத்துச் சான்று இல்லை என்று பிறர் மறுத்தனர். 'சுதந்திரமானவன், ஆனால் மகிழ்ந்தவன்' என்பது பிராம்ஸின் வாசகம் என்றும், மூன்றாம் சிம்ஃபனியின் தொடக்கச் சுரங்கள் அதையே குறிக்கின்றன என்றும் நெடுங்காலம் சொல்லப்பட்டது. அந்தச் செய்தியைத் தந்தவர் பிராம்ஸின் வரலாற்றை எழுதிய கால்பெக். பிராம்ஸின் கடிதங்களில் அதற்கு ஆதாரம் கிடைக்காததால், இன்று ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை.