கம்போவும் கொம்போவும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சமையல் நூல்களும் சுற்றுலாக் கையேடுகளும், அம்மாநிலத்தின் புகழ்பெற்ற கெட்டிக் குழம்பாகிய 'கம்போ'வுக்குப் பெயர்க்காரணம் கூறப் புகும்போதெல்லாம், அது சாக்டா மக்களின் 'கொம்போ' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்று ஒரு வரி எழுதி அமைகின்றன. கேட்ட மாத்திரத்தில் பொருந்துவதாகத் தோன்றுவதே இக்கூற்றின் வலிமை. அதற்கு அப்பால் அதற்கு வேறு வலிமை இல்லை. சாக்டா மக்களின் உணவறிவு லூசியானாச் சமையலுக்குத் தந்த கொடை பெரிது. ஆனால் பொருளைத் தந்தவர்களே பெயரையும் தந்தாக வேண்டும் என்னும் விதி எந்த மொழியிலும் இல்லை.

சாக்டா என்பது மஸ்கோகிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அதைப் பேசிய மக்களின் தாயகம் பெரும்பாலும் இன்றைய மிசிசிப்பி மாநிலம். 1830-ஆம் ஆண்டின் டான்சிங் ராபிட் கிரீக் உடன்படிக்கையால் அவர்களுள் பெரும்பாலோர் மேற்கே, பின்னாளில் ஓக்லஹோமா ஆன நிலத்துக்கு அகற்றப்பட்டனர். ஒரு பகுதியினர் மிசிசிப்பியிலேயே தங்கினர். சில குழுவினர் லூசியானாவின் நீரோடைக் கரைகளில் வாழ்ந்தனர். இம்மூன்று கிளைகளின் வழக்கையும் ஒன்றாகக் கருதிச் 'சாக்டாச் சொல்' என்று பொதுமையில் பேசுவதே இவ்வாராய்ச்சியில் நேர்ந்த முதற்பிழை.

சாக்டா மூலம் கூறும் எதிர்க்கட்சியார் காட்டும் சான்று ஒன்றே. லூசியானாவின் பையூ லக்கோம் என்னுமிடத்தில் வாழ்ந்த சாக்டாக்களைப் பற்றி டேவிட் புஷ்னெல் எழுதி 1909-இல் வெளிவந்த நூலில், சசாஃப்ரஸ் என்னும் மணமுள்ள மரத்தின் இலைப்பொடிக்குக் 'கொம்போ அஷிஷ்' என்னும் பெயர் பதிவாகியுள்ளது. இரண்டாம் சொல்லில், இலை, மயிர், இறகு என்னும் மூன்றையும் சாக்டாவில் குறிக்கும் 'ஹிஷி' மறைந்திருக்கிறது எனக் கொள்வது தகும். பொடி செய்யும் முறையும் பழமையானது: இளந்தளிர்களைப் பறித்து நிழலில் உலர்த்தி, மரத்துண்டை நெருப்பால் குடைந்து செய்த உரலில் இட்டு இடித்து, ஆற்றுநாணல் பட்டையால் முடைந்த சல்லடையில் சலித்தால் பச்சை நிறத்து மென்பொடி கிடைக்கும், சாக்டாப் பெண்கள் இதைக் கூடைகளோடு சேர்த்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் பிரெஞ்சுச் சந்தையில் விற்றுவந்தனர். பொடியைக் குழம்பில் கலப்பது அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே. கொதிக்கும்போது சேர்த்தால் குழம்பு நார்நாராகத் திரிந்துவிடும். அதனாலேயே பிரெஞ்சுக்காரர் அதற்கு, நூலாக நூற்கப்பட்டது என்னும் பொருளில், 'ஃபிலே' என்று பெயரிட்டனர். இச்செய்முறை முழுவதும் சாக்டாக்களுடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஐயம் 'கொம்போ' என்னும் ஒலியைப் பற்றியதே.

மிசிசிப்பியில் பல்லாண்டு சமயப்பணி செய்து, பின்னர் மக்களோடு மேற்கே சென்ற சைரஸ் பையிங்டன் தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1915-இல் ஸ்வான்டன், ஹால்பர்ட் இருவராலும் பதிப்பிக்கப்பட்ட அகராதியில், சசாஃப்ரஸ் மரத்துக்குரிய சொல் 'கஃபி' என்பது. காபிக்கு ஆங்கிலத்திலிருந்து கடனாக வந்த சொல்லும் சாக்டாவில் ஏறத்தாழ இதே ஒலியுடையதாதலால், மரப்பெயரும் அக்கடனிலிருந்து கிளைத்தது என்று ஒருவர் வாதிடலாம். அவருக்கு விடை மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டத்தில் இருக்கிறது: அங்குள்ள காஃபடலியா என்னும் ஊர்ப்பெயர் சாக்டாவின் 'கஃபி தலாயா' என்பதன் சிதைவு, சசாஃப்ரஸ் அடர்ந்து நிற்கும் தோப்பு என்பது அதன் பொருள். மிசிசிப்பி மண்ணில் காபித்தோப்பு எக்காலத்தும் இருந்ததில்லை. எனவே தாயகத்துச் சாக்டாக்கள் அம்மரத்தைக் கஃபி என்றே அழைத்தனர். கொம்போ என்பது, பிரெஞ்சுக்காரரோடும் ஆப்பிரிக்க அடிமைகளோடும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அண்டை வாழ்ந்த லூசியானாக் கிளையின் வாயில் மட்டுமே கேட்கப்படுகிறது.

ஒலியியலும் இதையே உரைக்கிறது. சாக்டா மொழியில் 'கல்' என்பதன் முதலொலி உண்டு. 'கஜம்' என்பதன் முதலொலியாகிய ஒலிப்புடைக் ககரம் இல்லை. அத்தகைய மொழியினர் பிரெஞ்சுக்காரரின் 'கொம்போ'வை, அதாவது ஒலிப்புடைக் ககரத்தில் தொடங்கும் சொல்லை, எடுத்தாண்டால் அது வல்லொலியில் தொடங்கும் கொம்போவாகவே மாறும்; பையூ லக்கோமில் கிடைத்த வடிவமும் அதுவே. மறுதலையாக, சாக்டாவின் வல்லொலியைக் கேட்ட பிரெஞ்சுக்காரர் அதை மெலித்துச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் மொழியில் இரண்டு ஒலிகளும் உண்டு. ஓடையைக் குறிக்கும் 'போக்' என்னும் சாக்டாச் சொல் போக் ஃபலாயா போன்ற ஆற்றுப்பெயர்களில் மெல்லொலியோடு எழுதப்படுகிறதே என்பாருக்கு, அது சொல்லிறுதிக் ககரம், சொன்முதலுக்குச் சான்றாகாது என்பது போதும்.

இனி ஆப்பிரிக்கச் சான்றுகள். மேற்கு நடு ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்குரிய சொற்கள் கிங்கொம்போ, சிங்கொம்போ, ஓச்சிங்கொம்போ என வழங்குகின்றன. முதலிலுள்ள கி, சி, ஓச்சி என்பவை பெயர்ச்சொற்களை வகைப்படுத்தும் முன்னொட்டுகள், அவற்றை நீக்கினால் எஞ்சுவது கொம்போ. 1648-இல் வெளிவந்த பிரேசில் இயற்கை வரலாற்று நூலில் ஜார்ஜ் மார்க்கிரேவ் வெண்டையைப் படத்தோடு விவரித்து, அதன் பெயரைக் 'கிகொம்போ' எனக் குறித்துள்ளார். கியூபாவில் அதே காய் கிம்பொம்போ, புவர்ட்டோ ரிக்கோவில் கிங்கம்போ. பிரான்சில் இன்றும் சந்தையில் வெண்டைக்குப் பெயர் கொம்போ. பிரேசிலிலும் கியூபாவிலும் சாக்டாக்கள் எப்போது குடியேறினர் என்பதை எதிர்க்கட்சியார்தாம் விளக்க வேண்டும். வர்ஜீனியாவைச் சேர்ந்த மேரி ராண்டால்ஃப் 1824-இல் வெளியிட்ட சமையல் நூல், மேற்கிந்தியத் தீவுகளின் உணவு எனச் சொல்லி இப்பெயரில் தரும் பக்குவம், வேகவைத்து வெண்ணெய் வார்த்த வெண்டைக்காய் அன்றி வேறில்லை. நியூ ஆர்லியன்ஸில் இச்சொல் தலைகாட்டும் பழைய ஆவணங்களுள் ஒன்றான 1764-ஆம் ஆண்டு விசாரணைக் குறிப்பும், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் நடுவேதான் அதைக் காட்டுகிறது.

லூசியானாப் பிரெஞ்சில் வெண்டைக்குத் தனியே 'ஃபெவி' என்னும் சொல் உண்டு, 'கம்போ ஃபெவி' என்று ஒன்றும் 'கம்போ ஃபிலே' என்று ஒன்றும் வழங்குகின்றன, ஆகவே கம்போ வெண்டையாக இருக்க இயலாது என்பது எதிர்க்கட்சியின் கடைசி அரண். காயின் பெயர் குழம்பின் பெயராக ஆகிவிட்ட பிறகு, எதனால் வழுவழுப்பூட்டிய குழம்பு என்று பிரித்துச் சொல்ல அடைமொழி தேவைப்படும், இதில் வியப்பில்லை. வெண்டை காய்க்காத குளிர்காலத்தில் அதே வழுவழுப்பைத் தந்தது சாக்டாப் பெண்களின் இலைப்பொடி. காய் செய்த வேலையைப் பொடி செய்ததால் காயின் பெயர் பொடிக்கும் போயிற்று, பொடியை விற்றவர்கள் வாங்குவோர் வாய்ச்சொல்லையே தங்கள் சொல்லாகவும் கொண்டனர்.

விற்பவர் வாங்குபவரின் சொல்லை ஏற்பதும், வாங்குபவர் விற்பவரின் சொல்லைச் சிதைப்பதும் அந்நிலத்தில் அன்றாட நிகழ்ச்சிகள். சிற்றோடையைக் குறிக்கும் சாக்டாவின் 'பயுக்' பிரெஞ்சு வாயில் இறுதி மெய்யை இழந்து 'பையூ' ஆயிற்று. இதைவிடச் சுவையானது 'தான்ஃபுலா'வின் கதி. மக்காச்சோளத்தைச் சாம்பல் நீரில் ஊறவைத்துத் தோல் நீக்கி, இடித்து, முறத்தில் புடைத்து, நெடுநேரம் கொதிக்கவிட்டுச் செய்யும் இக்கஞ்சியைச் சாக்டாக்கள் சூடாகவும் குடிப்பர், புளிக்கவைத்தும் குடிப்பர். சோளத்துக்குரிய 'தாஞ்சி' என்னும் சொல்லின் முதல் அசையே இதன் முதலிலும் நிற்பது கண்கூடு. மேற்கே குடியேறிய வெள்ளையர் இதை 'டாம் ஃபுல்லர்' என்று ஓர் ஆங்கிலேயன் பெயராக்கிவிட்டனர். கம்போவுக்குச் சாக்டா மூலம் காட்டுவோரின் முறையைப் பின்பற்றினால், கஞ்சியைக் கண்டுபிடித்தவனாக ஃபுல்லர் என்பானுக்குச் சிலை வைக்க வேண்டும்.

ஆப்பிரிக்கச் சொல்லும் சாக்டாச் சொல்லும் தனித்தனியே பிறந்து, ஒலியொப்புமையால் நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் ஒன்றோடொன்று கலந்தன என்று சமரசம் பேசுவோரும் உளர். இக்கருத்து இரு தரப்பாருக்கும் இனியது. ஆனால் தனித்துப் பிறந்த சாக்டாக் கொம்போ என்று ஒன்று இருந்திருந்தால், அது மிசிசிப்பியிலோ ஓக்லஹோமாவிலோ, உறவு மொழியாகிய சிக்கசாவிலோ ஓரிடத்திலாவது வேர்விட்டிருக்க வேண்டும். 1764-க்கு முற்பட்ட ஏடொன்றில் சசாஃப்ரஸுக்குக் கொம்போ என்னும் பெயரை எவரேனும் காட்டும்வரை, பையூ லக்கோமின் கொம்போவை ஆப்பிரிக்கரிடமிருந்து பிரெஞ்சு வழியாக வந்த கடன்சொல் என்றே கொள்ள வேண்டும்.