எடிசனுக்குப் போன மார்க் ஷீட்

சென்னைப் பல்கலைக்கழகத்து பி.எஸ்சி. மார்க் ஷீட்டுக்கு முதல் சில வருடங்களில் பெரிய வேலை ஒன்றும் இருக்காது. கன்வொகேஷன் முடிந்ததும் பட்டத்தோடு பிளாஸ்டிக் ஃபோல்டருக்குள் போகும், ஃபோல்டர் பீரோவுக்குள் போகும். வேலைக்குச் சேரும் அன்று ஒருமுறை ஜெராக்ஸ் எடுப்பார்கள். அதன் நிஜமான பயணம், நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து ஒரு ஃபோன் வரும்போதுதான் தொடங்குகிறது: "அப்பா, லாயர் எவாலுவேஷன் கேக்கறாரு. யுனிவர்சிட்டிக்குப் போய் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கணும்."

கையில் அதிகாரக் கடிதத்தோடு அப்பா சேப்பாக்கத்துக்குப் போகிறார். விண்ணப்பம், கட்டணம், சில நாள் காத்திருப்பு. வெளியே வருவது மூடி முத்திரையிட்ட உறை. அதன் வாயில் ஒட்டின இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்து விழுந்திருக்கும். ஆர்வத்தில் யாராவது பிரித்துப் பார்த்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வழியில் சிலர் அபோஸ்டில் முத்திரைக்காக வெளியுறவு அமைச்சகத்தின் பக்கம் ஒரு சுற்றுப் போய்வருகிறார்கள். இதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. ஆனால் அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கையெழுத்து உண்மையானது. படிப்பு எதற்குச் சமம் என்பது அதன் கவலை இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அமெரிக்காவில் அரசு அலுவலகமும் கிடையாது. கல்வி அங்கே மாநிலங்களின் கையில் இருக்கிறது. மத்தியக் கல்வித் துறை பாடத்திட்டத்தில் கைவைக்கக் கூடாது என்று அந்தத் துறையை உருவாக்கிய 1979-ம் வருடச் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட்டுச் சொல்லும் பணியை மத்திய அரசு 1970-லேயே நிறுத்திவிட்டது. அந்த இடத்தைத் தனியார் அமைப்புகள் நிரப்பின. 1974-ல் தொடங்கிய 'வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ்' அவற்றில் நம்மவர்களுக்கு அதிகம் பழக்கமானது. 'வெஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். இத்தகைய அமைப்புகள் சேர்ந்து 1987-ல் 'நேசஸ்' என்ற சங்கத்தை வைத்துக்கொண்டன.

மதிப்பீட்டாளரின் மேஜையில் உறை பிரிகிறது. அமெரிக்க வகுப்பறையில் 100-க்கு 62 வாங்கினால் 'டி', ஏறக்குறைய தோல்வி. நம் பல்கலைக்கழகத்தில் அதே 62 முதல் வகுப்பு. விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் எண்ணைப் பார்ப்பதில்லை, வகுப்பைப் பார்க்கிறார். பல வருடங்களாக வெளிவந்த தர ஒப்பீட்டுப் பட்டியல்களைப் படித்துப் படித்து வந்த பழக்கம் அது. மதிப்பெண் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும். மாட்டிக்கொள்வது வருடக் கணக்கு.

அந்தக் காலத்தில் பதினோரு வருடப் பள்ளி, ஒரு வருடம் பி.யூ.சி., மூன்று வருடம் டிகிரி. 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபின் பத்து, இரண்டு, மூன்று. எப்படிக் கூட்டினாலும் 15. அமெரிக்கக் கணக்கு பன்னிரண்டும் நான்கும், 16. கணிதமோ வேதியியலோ என்ன படித்தார், எவ்வளவு ஆழமாகப் படித்தார் என்ற கேள்விகளுக்கு முன்னால் அந்த ஒரு வருடம் வந்து நின்றுகொள்கிறது.

குடிவரவு வழக்கறிஞர்கள் இன்றும் 'ஷா வழக்கு' என்று ஒன்றைச் சொல்வார்கள். 1977-ல் வந்த அந்தத் தீர்ப்பு, இந்தியாவின் மூன்று வருட பி.எஸ்சி. அமெரிக்க இளங்கலைக்குச் சமமல்ல என்றது. ஹெச்-1பி விசாவின் விதி இதைவிட இளக்கமானது: குறையும் ஒவ்வொரு கல்லூரி வருடத்துக்கும் மூன்று வருடத் துறை அனுபவத்தை ஈடாகக் காட்டலாம். ஆகவே மூன்று வருடம் வேலை பார்த்த பி.எஸ்சி.காரருக்கு விசாவுக்கான தகுதி கிடைத்துவிடுகிறது. அவர் வேலை பார்க்கிறார், வரி கட்டுகிறார், வீடு வாங்குகிறார். பிறகு கிரீன் கார்டுக்கு இ.பி.-2 பிரிவில் விண்ணப்பிக்கும்போது அதே மார்க் ஷீட் மறுபடி வெளியே வருகிறது. முதுகலை இல்லாவிட்டால் இளங்கலையும் அதன்மேல் ஐந்து வருட அனுபவமும் வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. இந்த முறை, இளங்கலையில் விழுந்த குறையை அனுபவத்தால் அடைக்க முடியாது. விசாவுக்குப் போதுமாயிருந்த தாள் கிரீன் கார்டுக்குப் போதவில்லை. பி.எஸ்சி.க்குப் பின் மூன்று வருட எம்.சி.ஏ. முடித்தவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் தப்பித்தார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. இந்தியக் கல்வி நிறுவனங்களைத் தரப்படுத்தும் 'நாக்' அமைப்பிடம் 'ஏ' அல்லது அதற்கு மேற்பட்ட தரம் வாங்கிய கல்வி நிறுவனத்தில், முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறிய மூன்று வருடப் பட்டத்தை வெஸ் அமெரிக்க இளங்கலைக்குச் சமம் என்று எழுதித் தருகிறது. அந்த அறிக்கையை வைத்து ஒரு பல்கலைக்கழகம் எம்.எஸ். படிக்க இடம் கொடுக்கலாம். குடிவரவுத் துறையை அது கட்டுப்படுத்தாது. அத்துறைக்கு அது வெறும் ஆலோசனை. தன் முடிவுக்கு அத்துறை அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிவாளர்கள் சங்கத்தின் 'எட்ஜ்' தரவுத்தளத்தைப் புரட்டும்.

பி.எஸ்சி.யின் கூடப்பிறந்தவை வேறு வழிகளில் போயின. பி.ஃபார்ம். நான்கு வருடப் படிப்பு. அமெரிக்க மருந்தாளர் வாரியங்களின் கூட்டமைப்பு, 2003 ஜனவரி 1-ம் தேதியோ அதற்குப் பின்போ பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கு ஐந்து வருடப் பாடத்திட்டம் வேண்டும் என்றது. அதற்கு முன் தேறியவர்கள் இணைத்தகுதித் தேர்வை எழுத முடிந்தது. பின்னால் தேறியவர்களுக்கு அந்தத் தேர்வுக் கூடத்தின் கதவே திறக்கவில்லை. அந்த ஐந்து வருட வரம்பைத் தாண்டும் ஆறு வருட ஃபார்ம்.டி. இந்தியாவில் தொடங்கியது 2008-ல்தான்.

பி.இ.யின் வழி வேறு. 1989-ல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் 'வாஷிங்டன் உடன்பாடு' செய்துகொண்டன. ஒருவர் தரச்சான்று தந்த பாடப்பிரிவை மற்றவர்களும் தரமானதென்று ஏற்பார்கள். 2014 ஜூனில் இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம் முழு உறுப்பினரானது. இலங்கையும் அதே சமயத்தில் சேர்ந்தது. நம் ஊரில் இந்தச் செய்தி 'இந்திய பி.இ. இனி உலகமெங்கும் செல்லும்' என்று பரவியது. அசல் விதி அவ்வளவு தாராளமானதல்ல. வாரியம் 'டயர்-1' முறையில் சான்றளித்த பாடப்பிரிவுகளுக்கே உடன்பாடு பொருந்தும். அந்த முறை பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரியது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் தன்னாட்சி இல்லாதவை 'டயர்-2'. பட்டத்தில் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். இருந்தும் ஒன்று உடன்பாட்டுக்குள், மற்றொன்று வெளியே. உள்ளே இருப்பவருக்கும் லைசென்ஸ் தருவது டெக்சாஸோ கலிபோர்னியாவோ, அந்தந்த மாநிலத்தின் வாரியம்தான்.

எம்.பி.பி.எஸ். பட்டம் அமெரிக்காவில் நேரடியாக எதையும் திறப்பதில்லை. தேர்வுகள், பிறகு ரெசிடென்சி. ஆனாலும் மருத்துவக் கல்லூரிகளைச் சான்றளிக்கும் அமைப்பே உலக அளவுகோலில் தேற வேண்டும் என்ற அறிவிப்பு அமெரிக்காவில் 2010-ல் வந்தது. 2023 செப்டம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் ஏற்பைப் பத்து வருடங்களுக்குப் பெற்றது.

நாடுகள் ஒன்றுகூடிப் பொதுவான ஏற்பாடு செய்யவில்லையா? செய்தன. 1997-ல் லிஸ்பனில் கையெழுத்தான உடன்படிக்கை, வெளிநாட்டுப் பட்டத்தை மறுப்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தது. அமெரிக்கா அதில் கையெழுத்திட்டது, உறுதிசெய்யவில்லை. யுனெஸ்கோ 2019-ல் ஏற்ற உலக உடன்படிக்கை 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் அமெரிக்கா இல்லை. இந்தியா 2022-ல் பிரிட்டனோடும் 2023-ல் ஆஸ்திரேலியாவோடும் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தங்கள் செய்தது. வாஷிங்டனில் இப்படி ஒப்பந்தம் போட உட்கார, பட்டங்களை அங்கீகரிக்கும் அதிகாரம் உள்ள ஆள் யாரும் இல்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020-ன் நான்கு வருட இளங்கலை இந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்பார்கள். 12-ம் 4-ம் 16, கணக்குச் சரியாகிவிடும். அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டில் மூன்று வருடப் பட்டம் தொடர்கிறது. அதனால் நம் பிள்ளைகளுக்கு நஷ்டம் என்று ஒரு வாதமும், அமெரிக்காவுக்குப் போகும் சிலருக்காக ஊரில் உள்ள அத்தனை பேர்மேலும் இன்னொரு வருடச் செலவை ஏற்றுவதா என்று இன்னொரு வாதமும் கேட்கின்றன. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒரு வருடம் கூட்டுவதால் மட்டும் தாள் கடல் கடந்துவிடாது. நான்கு வருட பி.ஃபார்ம். அதற்குச் சாட்சி. வெஸ் கேட்பது நாக் தரம், வாஷிங்டன் உடன்பாடு கேட்பது டயர்-1, மருத்துவக் கூட்டமைப்பு கேட்பது சான்றளிப்பவருக்கே சான்று. மூன்றும் மாணவரின் மதிப்பெண்ணைத் தாண்டி அவர் படித்த இடத்தைப் பார்க்கின்றன. அந்தத் தரத்தை வாங்க வேண்டியது கல்லூரி. பலனையோ நஷ்டத்தையோ சுமப்பது, 17 வயதில் வீட்டுக்குப் பக்கம் என்றோ ஃபீஸ் குறைவு என்றோ அதில் சேர்ந்த பிள்ளை. கட்-ஆஃப் எவ்வளவு, பிளேஸ்மென்ட் எத்தனை என்று விசாரிக்கும் பெற்றோர் சேர்க்கை அன்றே இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம்: நாக் தரம் என்ன, பொறியியல் என்றால் இந்தப் பாடப்பிரிவு டயர்-1-ஆ? பதில் தெளிவாக வராவிட்டால் அடுத்த கல்லூரிக்கு நடப்பதுதான் சரி.