கொக்கு போட்ட சைக்கிள்

முதல்லயே சொல்லிடறேன், இது அருவி விழுற குற்றாலம் இல்லீங்க. மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல இருக்கற குத்தாலம். இங்க விழுறதெல்லாம் வாய்க்கால் கரையில சைக்கிள் பழகுறவங்க மட்டும்தான் :-)

கொட்டகையில் கிடந்த தாத்தாவோட சைக்கிளை ஓட வைக்கணும்னு இந்தக் கோடையில் இறங்கினேன். 28 அங்குல சக்கரம், கம்பி பிரேக். முன்னாடி பேட்ஜைத் தேங்காய் நாரால் தேய்ச்சதும் கொக்குத் தலையும், கீழே 'நாட்டிங்ஹாம், இங்கிலாந்து'ன்னும் தெரிஞ்சது. அசல் ராலி! முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோட சேர்ந்து 1949-ல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாராகறதுக்கு முன்னால, நம்ம ஊருக்கு வந்ததில் பெரும்பாலும் இப்படிக் கப்பலேறி வந்த வண்டிகள்தான்.

டயர் பிரச்சினையே இல்லை, 28க்கு ஒன்றரை இன்னும் கடையில் கிடைக்குது. காட்டர் பின்தான் உயிரை எடுத்தது. அதைவிட மோசம், பெடல் அச்சு உட்கார்ற பி.பி. கப். பழைய ராலிக்கு அங்குலத்துக்கு 26 மரை, கடையில் கிடைக்கறது 24. "புதுசா மரை போட்டுடலாம் தம்பி"ன்னார் மெக்கானிக் அண்ணன். வேண்டாம்னுட்டேன். பழைய கப்பையே டீசல்ல கழுவி, கால் அங்குல பால்ஸ் பக்கத்துக்கு பதினொண்ணு, கிரீஸ் வெச்சு மாட்டினோம். சும்மா வழுக்கிக்கிட்டு சுத்துது. பெயிண்ட் அடிக்கல. தாத்தா கை பட்டுத் தேய்ஞ்ச இடமெல்லாம் அப்படியே இருக்கட்டும்னு ஒரு பிடிவாதம்.

அம்மாவுக்கு அந்தப் பிடிவாதம் புரியல. வாரா வாரம் இந்த சைக்கிளைத் துடைச்சது அவங்க. ஒரு நாள்கூட ஓட்டினதில்லை. நடுவுல பார், உடம்புல புடவை, வெளியில தெரு.

பக்கத்துப் புதுக்கோட்டையில் இது மாறின கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக்கொடுத்தாங்க. 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேல பெண்கள் மணியடிச்சுக்கிட்டு ஊர்வலமா வந்தாங்க. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்ததும் ஜென்ட்ஸ் வண்டியிலேயே ஏறிட்டாங்க. நேரில் போய்ப் பார்த்து எழுதின பி. சாய்நாத் ஒரு விஷயம் குறிப்பிடுறார்: பார் இருக்கறதே நல்லது, குழந்தையை அதுல உட்கார வெச்சுக்கலாம்னு சில பெண்கள் சொன்னாங்களாம். சைக்கிள் செஞ்சவனுக்கே தோணாத உபயோகம்!

இதைச் சாப்பிடும்போது அம்மாகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசல. சாயங்காலம் கொட்டகைப் பக்கம் போய் சீட்டுல கை வெச்சு உயரம் பார்த்தாங்க. "இது ரெண்டு அங்குலம் இறங்குமாடா?"

சீட் கம்பி துருவேறி ஃபிரேமோட ஒட்டிப்போய், தாத்தா உயரத்துலயே நிக்குது. அது அவரோட அளவாச்சேன்னுதான் அதை நான் தொடாம விட்டிருந்தேன். இப்ப மூணு நாளா டீசல் ஊத்தி ஊற வெச்சிருக்கேன்.