கவிஞரும் அருகில் இருப்பவரும்: ரோரிக் குடும்பத்து உருவப்படங்கள் குறித்து ஒரு வாசிப்பு

பழைய உருவப்படம் ஒன்று கைக்கு வந்ததும், சேகரிப்பாளரின் கண் முதலில் போவது அடியில் உள்ள பெயருக்குத்தான். கணவர் கவிஞர் என்றால் அவருக்குப் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் ‘மனைவியுடன்’ என்பதற்குள் அடங்கிவிடுவார். இந்தப் பழக்கம் வரலாற்றை எவ்வளவு திரிக்கும் என்பதற்கு ரஷ்யாவின் ரோரிக் குடும்பம் நல்ல சான்று. அக்குடும்பத்தின் இளைய மகனும் மருமகளும் வாழ்ந்து மறைந்த ஊர் பெங்களூர். ஆகவே இது இந்நகரத்தின் காப்பகங்களுக்கும் உரிய கேள்வி.

நிக்கலாய் ரோரிக் 1874இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். உலகம் அவரை ஓவியராகவே அறியும். ஆனால் 1921இல் பெர்லினில் வெளிவந்த ‘மோரியாவின் மலர்கள்’ அவருடைய கவிதைத் தொகுப்பு. 1901இல் அவரை மணந்த எலெனா 1923இன் இறுதியில் அவரோடு இந்தியா வந்தார். பின்னர் மத்திய ஆசியப் பயணத்திலும் உடன் சென்றார். 1927-28 குளிர்காலத்தில் திபெத்தின் உயர்மேட்டில் பயணக்குழு மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தப்பட்டபோதும் அவர் அங்கேதான் இருந்தார். ‘அக்னி யோகா’ வரிசை நூல்கள் அவர் எழுத்தில் உருவானவை. அட்டையில் ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவந்தன. பிரம்மஞான எழுத்தாளர் பிளாவட்ஸ்கியின் ‘இரகசியக் கோட்பாடு’ நூலை ரஷ்ய மொழியில் பெயர்த்தவரும் எலெனாவே; அது 1937இல் ரீகாவில் அச்சானது. இவ்வளவு எழுதியவரைக் கவிஞரின் மனைவி என்று மட்டும் குறித்துவிட்டு நகர்வது பணிவான சுருக்கமல்ல, ஆவணப் பிழை. நிக்கலாயின் நூற்றாண்டை ஒட்டி 1974இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட தபால்தலையிலும் இடம்பெற்றது அவர் உருவம் பொறித்த பதக்கம் மட்டுமே.

அக்காலத்துப் படத்துக்குப் பெயர் எழுதியவர்கள் வாங்குபவரின் ஆர்வத்தைத்தான் பின்பற்றினார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்டுடியோக்காரருக்கு அந்தச் சமாதானம் பொருந்தும். காப்பகத்துக்குப் பொருந்தாது, பட்டியலில் ஏறாத பெயரைப் பின்னால் வரும் ஆய்வாளர் தேடிக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இளைய மகன் ஸ்வெதஸ்லாவ் பெற்றோரை ஓவியமாகவும் தீட்டினார். குல்லுப் பள்ளத்தாக்கின் நகர் கிராமத்தில் உள்ள குகா சோஹான் என்ற நாட்டார் தெய்வத்தின் சிலையோடு தந்தையைக் காட்டும் 1937ஆம் ஆண்டு ஓவியம் புகழ்பெற்றது. தாயின் உருவப்படம் ஒன்றும் அதே ஆண்டைச் சேர்ந்தது. இத்தகைய ஓவியங்களின் அச்சுப் பிரதிகளும் குடும்பப் புகைப்படங்களும் ஒரே உறையில் கலந்து கிடக்கும்போது, இரண்டையும் பிரித்தறிவதே முதல் வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடியை முகத்தின் மேல் வைத்துப் பார்த்தால் போதும். கன்னத்தின் நிழல் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறினால் அது அச்சகத்தில் அச்சானது. நிழல் புள்ளியின்றி வழுவழுவென்று கரைந்தால் பெரும்பாலும் அது புகைப்படத் தாள். பழைய வெள்ளி உப்புப் படங்களில், கருமையான பகுதிகளில் பெரும்பாலும் நீலம் கலந்த கண்ணாடி மினுக்கம் படர்ந்திருக்கும். தாளைச் சற்றே சாய்த்தால்தான் அது கண்ணுக்குப் படும். இன்னும் முக்கியமானது பின்பக்கம். பென்சில் குறிப்பு, ஸ்டுடியோ முத்திரை, பசை ஒட்டிய தடம் எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கம் சொல்லாமல் விட்ட பெயரும் சில சமயம் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்த தலைமுறையில் நிலைமை தலைகீழ். 1945இல் ஸ்வெதஸ்லாவை மணந்த தேவிகா ராணி, அதற்குள் இந்தியா முழுதும் அறிந்த நட்சத்திரம். 1934இல் தொடங்கிய பாம்பே டாக்கீஸ் திரைப்பட நிறுவனத்தை முதல் கணவர் ஹிமான்ஷு ராயுடன் நிறுவியவர். 1940இல் ராய் இறந்தபின் நிறுவனத்தை நடத்தியவர். ‘அச்சுத் கன்யா’ உள்ளிட்ட படங்களில் ஜெர்மானிய ஒளிப்பதிவாளர் யோசப் விர்ஷிங் அவர் முகத்துக்கு ஒளியமைத்தார். கேமராவின் முன் எப்படி நிற்பது, வெளிச்சம் எங்கே விழும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. அத்தம்பதியின் படங்களை வாசிக்கும்போது, படத்தின் அமைப்பில் அவருக்கும் பங்கு இருந்திருக்கக்கூடும் என்பதை ஆய்வாளர் கணக்கில் கொள்ள வேண்டும். அவரை ஓவியரின் துணைவியாக மட்டும் காண்பது எலெனாவுக்கு நேர்ந்ததையே மறுபடியும் செய்வதாகும்.

இங்கே பெங்களூர் ஒரு நல்ல முன்மாதிரியைத் தருகிறது, அதுவும் சட்டப் புத்தகத்திலிருந்து. கனகபுரா சாலையை ஒட்டிய தாதகுணித் தோட்டம் சுமார் 470 ஏக்கர். வாசனை எண்ணெய்க்காக லினாலோ மரங்களை இருவரும் வளர்த்த இடம் அது. 1993 ஜனவரியில் ஸ்வெதஸ்லாவும், 1994 மார்ச்சில் தேவிகா ராணியும் மறைந்தனர், வாரிசு இல்லை. சொத்துக்காக வழக்குகள் மூண்டன. தோட்டத்தைக் கையகப்படுத்தக் கர்நாடக அரசு 1996இல் இயற்றிய சட்டத்தின் தலைப்பிலேயே ரோரிக், தேவிகா ராணி ரோரிக் என்று இரு பெயர்களும் உள்ளன. மரங்களையும் ஓவியங்களையும் கலைப்பொருள்களையும் காத்து அருங்காட்சியகம் அமைப்பது அதன் நோக்கம். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை உறுதிசெய்தது.

நிலத்துக்கு இருவர் பெயரையும் எழுதிய இந்த ஒழுங்கு, அந்நிலத்தோடு வந்த படங்களுக்கும் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எண்மமாக்க வேண்டும். படத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு வேண்டும். எலெனாவின் பதிவில் அவர் எழுதிய நூல்களும், தேவிகா ராணியின் பதிவில் அவர் நடத்திய ஸ்டுடியோவும் இடம்பெற வேண்டும். குமார கிருபா சாலையில் உள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் ரோரிக்குகளுக்கென்று ஏற்கெனவே ஒரு கூடம் இருக்கிறது. இந்த வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.