காரணம் கேட்கும் உரிமை

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் உரைத்ததை ஆராயாமல் ஏற்று ஒரு சொல் சொன்னான், கோவலன் மாண்டான். அரசவை புகுந்த கண்ணகி இரக்கம் வேண்டி நிற்கவில்லை. தன் கணவன் கள்வன் என்பதற்குச் சான்று கேட்டாள். விடையற்ற அரசன் அரியணையிலேயே உயிர் நீத்தான். ஆளும் கை ஒருவனைத் தீண்டுமுன் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்னும் நெறி நமக்குப் புதியதன்று. அந்நெறி நம் அரசியலமைப்பின் வரலாற்றில் தளர்ந்தும் நிமிர்ந்தும் வந்த வழியை இங்கே காண்போம்.

விசாரணையின்றிச் சிறையிடும் அதிகாரத்தைக் கும்பினி ஆட்சி 1818ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறைச் சட்டத்தால் பெற்றது. மறு ஆண்டே சென்னை மாகாணத்திற்கும் அத்தகைய சட்டம் வந்தது. குற்றச்சாட்டும் வேண்டா, நீதிமன்றமும் வேண்டா. அரசின் நலன் என்ற ஒரு சொல்லே போதும். 1907இல் லாலா லஜபதிராய் மாந்தலைக்கு நாடு கடத்தப்பட்டது அந்த 1818ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே. 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே கொதித்தெழுந்ததற்கும் காரணம், விசாரணையின்றி அடைக்கும் இவ்வதிகாரமே.

இக்கொடுமையைத் தம் உடலால் அறிந்தவர் பலர் அமர்ந்த அரசியல் நிர்ணய சபையே தடுப்புக் காவலுக்கு இடந்தந்தது என்பது வரலாற்றின் முரண். முறையான, நியாயமான சட்ட நடைமுறையின்றி எவருடைய சுதந்திரமும் பறிக்கப்படலாகாது என்பதே முதலில் எண்ணியது. சபையின் ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்க்பர்ட்டரைக் கண்டு திரும்பிய பின், அது ‘சட்டத்தால் நிலைநாட்டப்பட்ட நெறிமுறை’ எனச் சுருங்கியது. இதன்படி, சட்டமன்றம் வகுத்தது எதுவாயினும் அதுவே நெறிமுறை என்று வாதிக்க இடமாயிற்று. இக்குறையை ஓரளவேனும் ஈடுசெய்ய அம்பேத்கர் 1949 செப்டம்பரில் கொண்டுவந்த விதியே 22ஆம் உறுப்பாயிற்று. காவலில் வைக்கப்பட்டவனுக்குக் காரணம் அறிவிக்க வேண்டும் என்று அவ்வுறுப்பு கட்டளையிடுகிறது. பொது நலன் கருதிச் செய்திகளை மறைக்கவும் அதுவே இடந்தருகிறது.

சோதனை உடனே வந்தது. மலபாரின் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் சென்னை மாகாணச் சிறையில் இருந்தார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த மறு மாதமே நிறைவேறிய தடுப்புக் காவல் சட்டத்தின்படி, 1950 மார்ச் 1ஆம் நாள் அவரிடம் புதிய ஆணை தரப்பட்டது. அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடங்கூட வெளியிடுவதைத் தடுத்தது. எம். கே. நம்பியார் அவருக்காக வாதிட்டார். 1950 மே 19இல் வந்த தீர்ப்பில், ஆறு நீதிபதிகளும் 14ஆம் பிரிவு செல்லாது என்றனர்; ஆயினும் சட்டத்தின் ஏனைய பகுதி பெரும்பான்மையால் நிலைத்தது. கோபாலன் விடுதலை பெறவில்லை. நெறிமுறை என்றால் அறிவிப்பும், தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பும், நடுநிலையான விசாரணையும் அதில் அடங்கும் என்று நீதிபதி பசல் அலி மறுத்துரைத்தார். அக்குரல் அன்று தனித்து நின்றது.

ஓராண்டுக்கென வந்த அச்சட்டம் நீட்டிப்புப் பெற்றுப் பெற்று 1969 வரை வாழ்ந்தது. 1971இல் மிசா வந்தது. 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். அமைச்சரவை கூடி இசைவளித்ததோ மறுநாட் காலையில். அதற்குள் தலைவர்கள் பலர் சிறைப்பட்டிருந்தனர். அவ்வாண்டில் மிசாவுக்குச் செய்யப்பட்ட திருத்தங்கள் காரணம் அறிவிக்கும் கடமையையே நீக்கின. 1950இல் ஆறு நீதிபதிகள் ஒருமனதாக வீழ்த்திய திரை மீண்டும் தொங்கவிடப்பட்டது.

ஆயினும் ஒன்பது உயர்நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்றன. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எச். ஆர். கன்னா, உயிரே சட்டத்திற்கு மாறாகப் பறிக்கப்பட்டால் என்ன பரிகாரம் என்று வினவினார். அப்போதும் நீதிமன்றம் தலையிட வழியில்லை என்பதே அரசுத் தரப்பின் விடை. 1976 ஏப்ரல் 28இல் நால்வர் அதனை ஏற்றனர். உயிரும் சுதந்திரமும் அரசியலமைப்பு ஈந்த கொடை மட்டுமல்ல, அதற்கு முன்னரே சட்டத்தின் ஆட்சியில் வேரூன்றியவை என்று எழுதிய கன்னா ஒருவரே மறுத்தார். மறு ஆண்டு சனவரியில் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி இளையவர் ஒருவருக்குச் சென்றது. கன்னா பதவி துறந்தார்.

ஆட்சி மாறிய பின்னும் அதிகாரத்தின் இயல்பு மாறவில்லை. 1977இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டைப் பறித்த புதிய அரசும் ‘பொது நலன்’ என்றதே தவிரக் காரணம் கூற மறுத்தது. நெறிமுறை நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்று 1978 சனவரி 25இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பசல் அலி கூறியது இவ்வாறு சட்டமாயிற்று. அத்தீர்ப்பு வழங்கிய அமர்வில் அவருடைய மைந்தர் முர்தசா பசல் அலியும் இருந்தார். 1976ஆம் ஆண்டின் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே மறுத்து நீக்கியது 2017 ஆகஸ்டு 24இல். அதனை எழுதியவர், அந்நால்வருள் ஒருவரான சந்திரசூட்டின் மைந்தர்.

1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் மேலும் சில வேலிகளை நட்டது. அமைச்சரவை முடிவு எழுத்து வடிவில் கிட்டினாலன்றி நெருக்கடி நிலைப் பிரகடனம் இல்லை. பிரகடனம் வந்தாலும் 20, 21ஆம் உறுப்புகளின் பாதுகாப்பை நிறுத்தி வைக்க இயலாது. அறிவுரைக் குழுவின் கருத்தின்றி ஒருவரைக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கவும் அத்திருத்தத்தின் 3ஆம் பிரிவு வகை செய்தது. அப்பிரிவு நடைமுறைக்கு வரும் நாளை மைய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும். கட்சிகள் மாறி மாறி ஆண்டன. அந்த அறிவிக்கை மட்டும் வெளிவரவில்லை.

ஒரு சிறு செலவுக்கும் கோப்பில் காரணம் எழுதக் கேட்பது அரசு அலுவலகம். ஒரு மனிதனின் சுதந்திரம் அச்செலவினும் சிறியதோ? ஒரு பிரகடனம் ஓரிரவில் வெளிவந்தது. மக்களைக் காக்கும் ஒற்றை அறிவிக்கையோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கிறது. அதற்குக் காரணம் என்ன என்று கேட்பது குடிமக்களாகிய நம் கடன்.