வன்னியின் வழிப்போக்கரும் வன்னியின் வருவாயும்: ஒரு வரலாற்று நோக்கு

வன்னியின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் குளங்களையும் வன்னிமைகளையும் பண்டாரவன்னியனின் எதிர்ப்பையுமே தமது ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ளனர். இப்பெருநிலப்பரப்பு ஒரு வழிநடைப் பிரதேசமுமாகும் என்ற உண்மை போதிய கவனத்தைப் பெறவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தெற்கே செல்வோர்க்கும் தெற்கிலிருந்து வடக்கே வருவோர்க்கும் வன்னியைக் கடப்பதன்றி வேறு தரைவழி கிடையாது. யாத்திரிகர், வணிகர், அரச உத்தியோகத்தர், உல்லாசப் பிரயாணிகள் எனப் பலதரத்தினரும் இந்நிலத்தினூடாகச் சென்றுள்ளனர். அவர்கள் விட்டுச்சென்ற பணம் யாருடைய கணக்கிற் சேர்ந்தது? அவர்கள் எதனைக் காணவேண்டும் என்பதைத் தீர்மானித்தோர் யாவர்? இவ்விரு வினாக்களையும் ஒருசேர வைத்து நோக்க முற்படுகின்றோம்.

முதலில் வற்றாப்பளையைக் கருதுவோம். நந்திக்கடலோரத்தில் அமைந்த கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் வன்னியின் மிகப்பெரிய மக்கட் கூட்டமாகும். பாக்குத்தெண்டலுடன் அதன் ஆயத்தங்கள் தொடங்குகின்றன. சிலாவத்தைக் கடலில் எடுக்கப்பெறும் நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்திற்குக் கொணரப்பட்டு, அந்நீரிலே விளக்கெரிக்கும் மரபு இன்றும் பேணப்படுகின்றது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களும் இப்பொங்கலைக் கண்டு மேற்செல்வது வழக்கம். 'தெண்டல்' என்னும் சொல் திரட்டுதலைக் குறிக்கும் 'தண்டல்' என்பதன் பேச்சு வழக்கு என்பது நோக்கத்தக்கது. விழாவுக்குரிய பொருளைத் திரட்டுவோரும் ஊரவரே. வந்தோர்க்குத் தண்ணீர்ப்பந்தலிட்டுச் சோறிடுவோரும் ஊரவரே. இதனை நாம் இலட்சியமயப்படுத்த விரும்பவில்லை. கோயிலைச் சுற்றியமைந்த உரிமைகள் சாதிப் படிநிலையைத் தழுவியே பங்கிடப்பட்டன. ஆயினும் வரவும் செலவும் ஒரே நிலத்தில் நிகழ்ந்தன என்பதில் ஐயமில்லை.

முறிகண்டி இதனின்றும் வேறானது. கண்டி வீதியில் ஓடும் எந்த வாகனமும் அப்பிள்ளையாரைத் தரிசியாது போவதில்லை. சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார். பிரயாணிகள் உண்டியலில் நாணயமிட்டுக் கச்சான் வாங்குவர். விளம்பரப் பலகையோ பிரசுரமோ இன்றி, சாரதிகளின் அச்சமும் பக்தியுமே உருவாக்கிய தரிப்பிடம் இது. உல்லாசப் பிரயாணத்துறை நிபுணர்கள் பெருஞ்செலவில் உண்டாக்க விரும்பும் 'நிற்கச் செய்தல்' என்னும் காரியத்தை ஒரு சிறு கோயில் எளிதிற் சாதித்துள்ளது. அதனைச் சூழ்ந்து கச்சான் வறுப்போரும் கர்ப்பூரம் விற்போரும் தேநீர்க் கடைக்காரரும் பிழைத்தனர், இன்றும் பிழைக்கின்றனர்.

குடியேற்றவாத ஆட்சி இவ்வுறவை வேறொரு தளத்திற்குக் கொண்டு சென்றது. 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தின்படி ஆண்மக்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதிவேலை செய்யவோ அதற்கீடாகப் பணஞ் செலுத்தவோ கடமைப்பட்டனர். வீதி, அதில் நடந்தோரினதும் வண்டியில் வந்தோரினதும் தேவைக்கு எழுந்தது. அதன் செலவில் ஒரு பகுதி குடிமக்களின் உடலுழைப்பிலிருந்து பெறப்பட்டது. வீதியோரங்களில் எழுந்த வாடிவீடுகள் முதன்மையாக உத்தியோகத்தரின் வசதிக்கானவை. ஆனையிறவில் ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டையே பின்னாளில் வாடிவீடாயிற்று. 1905 சனவரியில் இளம் உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் சென்ற லெனாட் வூல்ஃப், அநுராதபுரத்திற்கு வடக்கே காட்டினூடாகத் தபால் மாட்டு வண்டியிலேயே பயணஞ் செய்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் வடக்குப் புகையிரதப் பாதை முழுமையடைந்தபின் வன்னி ஓரிரவு கழிக்கும் இடமன்றி, சன்னலூடே பார்த்துக் கடக்கும் காடாயிற்று. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இன்றளவும் ஆய்வாளர்க்குப் பயன்படுவதே; எனினும் அது ஆள்வோன் தன் நிருவாகத் தேவைக்கெனத் தொகுத்த நூல் என்பதை மறத்தலாகாது.

இலங்கையில் அரச உல்லாசப் பிரயாணப் பணியகம் 1937 இல் தோன்றி, இரண்டாம் உலகப்போரினால் முடங்கி, 1948 இல் மீண்டும் எழுந்தது. 1966 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இலங்கை உல்லாசப் பிரயாண சபையைத் தோற்றுவித்தது. அவ்வாண்டு இந்நாட்டிற்கு வந்த உல்லாசப் பிரயாணிகளின் தொகை 18,969 மாத்திரமே. அடுத்து வந்த பத்தாண்டுத் திட்டம் (1967-1976) கொழும்பு, தென்கரை, கிழக்குக்கரை, மலைநாடு, பண்டைய நகரங்கள் என ஐந்து வலயங்களை வகுத்தது. வடக்கு அவற்றுள் ஒன்றன்று. கடற்கரை, தொல்லியல், குளிர்ந்த மலை ஆகியவற்றையே ஐரோப்பியப் பிரயாணி விரும்புவான் என்ற கணிப்பு இதன் அடிப்படை. முல்லைத்தீவுக்கும் நீண்ட கடற்கரை உண்டு என்று இவ்விடத்துச் சொல்லத் தோன்றுகின்றது; ஆனால் மூலதனம் செல்லும் திசையை மணல் தீர்மானிப்பதில்லை. விமான நிலையத்தின் அண்மை, விடுதி முதலாளிகளின் நிலவுடைமை, அரச உட்கட்டமைப்புச் செலவு ஆகியன அதனைத் தீர்மானித்தன. 1982 இல் பிரயாணிகளின் தொகை 407,230 ஆக உயர்ந்தபோதும் வன்னிக்கு அதிற் கிடைத்தது சொற்பமே. மறு ஆண்டின் இனவன்முறையும் அதன்பின் மூண்ட போரும் அச்சொற்பத்தையும் அழித்தன.

2002 இன் போர்நிறுத்தத்தையடுத்து ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. குடாநாட்டுக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் வன்னியினூடே பயணஞ் செய்தனர். விடுதலைப் புலிகளின் நிருவாகம் பொருள்களுக்கு வரி விதித்தது. வீதியோரத்தில் உணவகங்களையும் நடாத்தியது. அவ்வரியைச் செலுத்தியோருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை என்பதையும் இங்கு குறித்தல் வேண்டும். 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டது.

எமது வினாக்கள் கூர்மையடைவது 2009 மே மாதத்தின் பின்னரேயாம். பேருந்து பேருந்தாகத் தென்னிலங்கை மக்கள் வடக்கே வந்தனர். நயினாதீவு விகாரையைத் தரிசிக்க வந்தோர் இடைவழியில் போர்க்களங்களையும் பார்த்தனர். கிளிநொச்சியில் வீழ்ந்துகிடந்த தண்ணீர்த் தாங்கி காட்சிப் பொருளாக்கப்பட்டு, அருகே நினைவுப் பொருட்கடை வைக்கப்பட்டது. ஆனையிறவில் கவச மண்வாரி நினைவுச் சின்னமாயிற்று. புதுக்குடியிருப்பில் 2009 இறுதியில் வெற்றித்தூபி திறக்கப்பட்டது. முள்ளிவாய்க்கால் கரையில் துருப்பிடித்துக் கிடந்த 'பாரா 3' கப்பலும், காட்டினுள் அமைந்த நிலக்கீழ் இல்லமும் பார்வையிடங்களாயின. பின்னதை 2013 ஒக்டோபரில் படையினரே தகர்த்தனர். நந்திக்கடலோரத்தில் இராணுவம் விடுதியொன்றையும் நடாத்தியது. அதே காலத்தில் அந்நிலத்தின் குடிகள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. வீட்டுக்காரன் திரும்புமுன் விருந்தினன் வீட்டைப் பார்த்துச் சென்றுவிட்டான். காட்சியின் விளக்கவுரையையும் வென்றவரே எழுதினர். அழுதவரின் கூற்று அதில் இடம்பெறவில்லை. தெற்கிலிருந்து வந்த ஏழை உழவனையோ தொழிலாளியையோ நாம் குறைகூற முற்படவில்லை. அவனுக்கும் போரில் மகன் இறந்திருக்கக்கூடும். அவனுக்குக் காட்டப்பட்டது எதுவென்பதே எமது வினா. வெளிநாட்டவரோ, பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின்றி வடக்கே செல்லவியலாத நிலை 2011 இல் நீக்கப்பட்டு, 2014 ஒக்டோபரில் மீண்டும் விதிக்கப்பட்டு, 2015 சனவரியிலேயே ஒழிந்தது.

இனி நிதியைக் கவனிப்போம். 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் பழைய சபையை நீக்கி, அபிவிருத்தி அதிகார சபை, மேம்பாட்டுப் பணியகம், மாநாட்டுப் பணியகம், விடுதி முகாமைப் பயிற்சி நிறுவகம் என நான்கை நிறுவியது. பதிவுபெற்ற விடுதிகளின் மொத்த வருவாயில் நூற்றுக்கு 1 வீத அறவீடும், விமான நிலையப் புறப்பாட்டு வரியின் மூன்றிலொரு பங்கும் சுற்றுலா அபிவிருத்தி நிதியத்தைச் சேர்கின்றன. நிதியத்தின் 70 விழுக்காடு மேம்பாட்டிற்கென, அதாவது பிறநாடுகளில் இலங்கையை விளம்பரஞ் செய்தற்கென ஒதுக்கப்பட்டது. எந்த மாவட்டத்தில் வருவாய் எழுந்ததோ அம்மாவட்டத்திற்கு இத்துணைப் பங்கு மீளவேண்டும் என்னும் விதி இப்பங்கீட்டில் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களுக்கு உள்ள வாயில் மிகச் சிறிது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், உல்லாசப் பிரயாண சபையின் அங்கீகாரம் பெற்ற விடுதிகளிடம் முன்னாண்டு வருவாயில் 1 வீதம்வரை அனுமதிக் கட்டணம் பெற இடமளிக்கின்றது. விடுதிகள் நிறைந்த தென்கரைச் சபைக்கு இது பயன்தரும். கரைதுறைப்பற்றுக்கோ புதுக்குடியிருப்புக்கோ இதனால் வருவது எவ்வளவு என்பதை வாசகர் ஊகிக்கலாம். படையினர் நடாத்தும் விடுதியின் இலாபமோ பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாகவும் தோன்றுவதில்லை.

பதின்மூன்றாம் திருத்தம் சுற்றுலாவை ஒருங்கியை நிரலில் வைத்தது. எனவே மாகாணத்திற்கு அதிற் பங்குண்டு. முடிவான அதிகாரம் கொழும்பிடமே. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அவ்வாண்டு நாட்டிற்கு வந்தோர் 23 இலட்சத்திற்கும் அதிகம்.

காட்டப்படுவது பற்றிய முரண்பாடும் ஓயவில்லை. 2021 இல் குருந்தூர்மலையில் தொல்லியல் அகழ்வு தொடங்கியபின், அது யாருடைய வழிபாட்டிடம் என்ற பிணக்கு முல்லைத்தீவு நீதிமன்றம் வரை சென்றது. 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட சுண்டிக்குளத்தின் எல்லைகளை, அங்கே வலைவீசும் மீனவன் வேறு கண்கொண்டு நோக்குகின்றான். 'மரபுரிமை' என்றும் 'இயற்கை வளம்' என்றும் வகைப்படுத்தப்படும்போது, நிலத்தின் மீதான அதிகாரமும் ஒரு திணைக்களத்திற்குக் கைமாறுகின்றது.

ஒவ்வோராண்டும் மே 18 இல் முள்ளிவாய்க்காலிற் பல மாவட்டங்களிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் மக்கள் கூடுகின்றனர். அதற்கு நுழைவுச்சீட்டு கிடையாது. முந்திய நாட்களில் ஊர்தோறும் வீதியோரத்தில் அரிசியும் உப்பும் நீருமாகக் கஞ்சி காய்ச்சி வழிப்போக்கர்க்கு வழங்குகின்றனர். அதே பருவத்தில், சில கல் தொலைவில், வற்றாப்பளையில் பொங்கலுக்கான பாக்குத்தெண்டலும் நடைபெறுகின்றது.