அளவை மாற்றும் உரிமை

நோயாளியைத் தானே பரிசோதித்து, நோய் இன்னதென்று நிர்ணயித்து, மருந்தெழுதி, அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ சட்டப்படி அதிகாரம் பெற்ற செவிலியரை அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று அழைக்கிறார்கள். இப்பணியின் வரலாற்றை எழுதுவோர் 1965-ஆம் ஆண்டையே தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அவ்வாண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, மருத்துவர் எட்டாத ஊர்களில் குழந்தைகளைக் கவனிப்பதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினர். குழந்தை மருத்துவத்தைப் பொறுத்தவரை அது சரியான தொடக்கமே. ஆனால் நீரிழிவு, தைராய்டுக் குறைபாடு, உயர் ரத்த அழுத்தம் போன்று பெரியவர்களை ஆயுள் முழுவதும் தொடரும் நாட்பட்ட நோய்களைச் செவிலியர் கையில் ஒப்படைத்த கதைக்கு வேர் அங்கே இல்லை. அதைத் தேட வேண்டிய இடம் 1922-ஆம் ஆண்டின் பாஸ்டன் நகரம்.

கணையம் சுரக்கும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் முறையை டொராண்டோவில் கண்டறிந்த மறு ஆண்டு, அதாவது 1922 ஆகஸ்டில், பாஸ்டன் நீரிழிவு மருத்துவர் எலியட் ஜோஸ்லின் தம் நோயாளிகளில் ஒருவருக்கு முதன்முறையாக அதை ஊசியில் ஏற்றினார். பட்டினிக்கு நிகரான உணவுக் கட்டுப்பாட்டினால் எலும்பும் தோலுமாய் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த எலிசபெத் மட்ஜ் என்ற அப்பெண் தொழிலால் ஒரு செவிலியர் என்பது தற்செயல்தான் என்றாலும் மறக்கத்தக்கதல்ல. அவர் சில வாரங்களில் எழுந்து நடமாடத் தொடங்கினார். ஆனால் இன்சுலின் நோயைத் தீர்க்கவில்லை. நாள்தோறும் அளந்து போட வேண்டிய ஒரு கடமையாக அதை மாற்றியது. கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரில் போட்டெடுப்பது, மழுங்கிய ஊசிமுனையைக் கல்லில் தீட்டுவது, நீலநிறப் பெனடிக்ட் கரைசல் ஒரு தேக்கரண்டியளவு எடுத்து அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சி, நிறம் நீலமாகவே நிற்கிறதா, பச்சையாகி மஞ்சளாகிச் செங்கல் சிவப்புக்குப் போகிறதா என்று பார்ப்பது ஆகிய அனைத்தையும் நோயாளியே தம் வீட்டு அடுப்படியில் செய்ய வேண்டியிருந்தது. இவற்றைக் கற்றுத்தர மருத்துவருக்கு நேரம் இல்லை. ஆகவே ஜோஸ்லின் செவிலியர்களைப் பயிற்றுவித்து நோயாளிகளிடம் அனுப்பினார். வீடுவீடாகச் சென்று கற்பித்த இவர்களே பிற்காலத்து நாட்பட்ட நோய்ச் செவிலியரின் மூதாதையர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விநோதம் ஒளிந்திருந்தது. சிறுநீரின் நிறத்தைப் பார்த்து நாளைய இன்சுலினை இரண்டு அலகு கூட்டிக்கொள்ளும்படி செவிலியரிடம் கற்றுக்கொண்ட கடைக்காரரோ பள்ளி ஆசிரியரோ அதைத் தாமே செய்துகொள்ளலாம். கற்றுக்கொடுத்த செவிலியர் அதே மாற்றத்தைத் தம் பொறுப்பில் செய்ய முடியாது. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1955-இல் வகுத்த தொழில் வரையறையே, நோயை நிர்ணயிப்பதும் சிகிச்சையை விதிப்பதும் செவிலியர் பணியில் சேரா என்று எழுதி வைத்தது. செவிலியருக்குத் திறமை உண்டா என்ற கேள்வியைவிட, அளவை மாற்றும் உரிமை யாருடையது என்ற கேள்வியே இத்துறையின் வரலாற்றை நடத்திச் சென்றது என்று கொள்வதே பொருந்தும்.

1965-இல் முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடுகள் சட்டமானதும், அதுவரை மருத்துவமனைப் படியேறாத பெருங்கூட்டம் உள்ளே வந்தது. மருத்துவர்களோ அதற்கு முன்பே பொதுமருத்துவத்தை விட்டுச் சிறப்புத் துறைகளுக்கு நகரத் தொடங்கியிருந்தனர். வெளிநோயாளிப் பிரிவில் மணிக்கணக்கில் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் புதிய பயிற்சி மருத்துவர் ஒருவரைச் சில நிமிடங்கள் பார்த்து, பழைய மருந்தையே வாங்கிச் செல்வது நாட்பட்ட நோயாளியின் விதியாயிற்று. கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் சார்லஸ் லூயிஸ் என்ற மருத்துவரும் பார்பரா ரெஸ்னிக் என்ற செவிலியரும் இதற்கு மாற்றாக, நோய் ஓரளவு நிலைபெற்ற பெரியவர்களைச் செவிலியரே தொடர்ந்து பார்க்கும் கிளினிக்கை நடத்தி, அதன் முடிவுகளை 1967-இல் வெளியிட்டனர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட அந்த ஆய்வில், செவிலியரிடம் சென்றவர்கள் நாளடைவில் அவரையே விரும்பத் தொடங்கியதுதான் பலரை வியப்பில் ஆழ்த்தியது.

மெம்பிஸ் நகரில் நடந்தது இதைவிடப் பெரிய முயற்சி. டென்னஸி பல்கலைக்கழகத்து மருத்துவர் ஜான் ரன்யன், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ உள்ள ஏழை நோயாளிகளைப் பெரிய மருத்துவமனையிலிருந்து அவரவர் குடியிருப்புக்கு அருகிலிருந்த சுகாதார நிலையங்களுக்கு மாற்றி, பொது சுகாதாரச் செவிலியர்களிடம் ஒப்படைத்தார். 1975-இல் வெளியான ஒப்பீட்டில், செவிலியரிடம் இருந்தவர்களின் ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் இறங்கியிருந்தன. மருத்துவமனையில் படுத்த நாட்களும் குறைந்திருந்தன. வீட்டருகே வைத்தியம் என்பதே பாதி மருந்தாக வேலை செய்திருக்கக்கூடும் என்று ஐயுற இடமுண்டு. எனினும் மீதிப் பாதியைச் செவிலியருக்குத் தர மறுப்பது நேர்மையாகாது.

அக்காலத்துப் பயிற்சிகளில் செவிலியர் கையில் தரப்பட்ட முதன்மைக் கருவி நெறிமுறைத் தாள்: ரத்தச் சர்க்கரை இந்த எல்லையைத் தாண்டினால் இன்சுலினை இவ்வளவு கூட்டுக, இந்த அறிகுறி தென்பட்டால் உடனே மருத்துவரை அழைக்க என்று முன்கூட்டியே எழுதி மருத்துவர் ஒப்பமிட்ட ஏற்பாடு அது. சட்டம் மறுத்த உரிமையைக் காகிதம் ஒன்று சுற்றுவழியில் அளித்தது எனலாம். அத்தாளோடு, விழித்திரையின் ரத்தநாளங்களைப் பார்க்கும் ஒளிக்கருவியைப் பிடிக்கவும், காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தின் உணர்வைச் சோதிக்கவும், கழுத்தில் விரல் வைத்து நோயாளியை விழுங்கச் சொல்லித் தைராய்டுக் கட்டியை உணரவும் அவர்கள் கற்றனர்.

எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து வந்ததில் வியப்பில்லை. செவிலியர் கல்வியாளர்களிடமிருந்தும் அது வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்து மார்த்தா ரோஜர்ஸ் போன்றோர், இது செவிலியத்தை விட்டு மருத்துவரின் எடுபிடியாவதற்கான வழி என்று கருதினர். இதற்கிடையே, 1971-இல் ஐடஹோ மாநிலம், நோயை நிர்ணயித்துச் சிகிச்சை தரும் பணியைச் செவிலியர் சட்டத்திலேயே முதன்முதலாக ஏற்றது. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாக, வெவ்வேறு நிபந்தனைகளோடு பின்தொடர்ந்தன.

சில மாதச் சான்றிதழ் வகுப்புகளாகத் தொடங்கியவை மெல்ல மெல்ல முதுநிலைப் பட்டமாக வளர்ந்தன. நோயுற்ற உடலின் இயக்கம், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்றும் உயர்நிலைப் பாடங்களாக அதன் முதுகெலும்பாயின. அளவை மாற்றுவது என்பதன் பொருளும் மாறியது. முந்தைய சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை பரவலான பின், அன்றைய சிறுநீரின் நிறத்தை நம்பியிருந்த பழைய கணக்கு செல்லாக்காசாயிற்று. 1,441 பேரைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் முடிவு வெளியிட்ட அமெரிக்க, கனடிய நீரிழிவுப் பேராய்வு, தீவிரக் கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காக்கிறது என்று நிறுவியது. அக்கட்டுப்பாடு நோயாளியோடு அடிக்கடித் தொலைபேசியில் பேசி அளவைச் சீர்செய்த குழுக்களால் வாய்த்தது, அக்குழுக்களில் செவிலியரின் பங்கு பெரிது. தைராய்டு மாத்திரையிலோ பாடம் பொறுமையைப் பற்றியது: அளவை மாற்றிய பின் ரத்தப் பரிசோதனையில் அதன் முழு விளைவு தெரிய ஆறு வாரமேனும் ஆகும் என்பதால், அதற்குள் மீண்டும் கை வைக்கலாகாது. 2008-இல் உருவான தேசிய உடன்பாட்டின்படி பெரியவர்களுக்கும் முதியோருக்குமான தனித்தனிப் பயிற்சிகள் ஒன்றாக்கப்பட்டன. (இந்தியச் செவிலியர் குழுமம் நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு ஒன்றை வகுத்தபோது அதைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென வகுத்தது, நீரிழிவு மலிந்த நாட்டில் இத்தேர்வு யோசிக்கத்தக்கது.)

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நர்ஸ் பிராக்டிஷனருக்கு நேரடியாகக் கட்டணம் தர ஒப்புக்கொண்டது. மருத்துவருக்குரியதில் 85 விழுக்காடு. அளவை மாற்றும் உரிமையோ இன்றும் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் நகரில் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் இன்சுலினைத் தம் கையொப்பத்திலேயே எழுதித் தரலாம்; காரில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் டெக்சஸின் எல் பாஸோவில், அதே படிப்பும் அதே தேர்ச்சியும் பெற்றவர், மருந்தெழுதும் அதிகாரத்தைத் தமக்குப் பகிர்ந்தளிக்கும் மருத்துவர் ஒருவரோடு செய்துகொண்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது.